அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஆதனக்கோட்டை வந்துவிட்டால் இருபுறமும் முந்திரிக் கடைகள்தான். பொட்டலங்கள் தொங்கும் அந்தக் கடைகளின் பக்கத்திலேயே பெண்கள் தரையில் அமர்ந்து கொட்டை உடைப்பதைப் பார்க்கலாம். வறுத்த கொட்டையை ஒரு கையால் நிறுத்தி, மறு கையிலுள்ள கட்டையால் அளவாக ஒரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக வர வேண்டும். பருப்பு உடைந்தால் விலை போகாது என்பதால் கண்ணை எடுக்க முடியாது, கையை நிறுத்த முடியாது. தோள், முழங்கை, விரல் எல்லாம் ஓயாமல் உழைக்கின்றன. இடுப்புக்குக் கீழே மட்டும் மணிக்கணக்கில் அசைவே இல்லை.

உட்கார்ந்து கிடப்பதால் வரும் கெடுதல் என்றதும் நம் மனத்தில் வருவது ஏசி அறையும் கம்ப்யூட்டரும்தான். இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களில் பலருக்கு அந்த இரண்டும் கிடையாது. கீழ ராஜ வீதியில் நகை வேலை செய்பவர், தையல் மிஷினில் குனிந்திருப்பவர், கல் பட்டை தீட்டுபவர், கீரமங்கலம் பக்கம் பூக்கட்டுகிற அக்கா, அறந்தாங்கி பேருந்தின் ஓட்டுநர், மளிகைக் கடைக் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி, ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர் என்று எல்லோரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போய் மண் வெட்டுகிறவருக்கும் நடவுக்குப் போகிறவருக்கும் இந்த அத்தியாயம் வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும்.

இந்த அத்தியாயத்தில் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியது ஒன்றுதான். காலையில் புதுக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, பிறகு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், அந்த நடை பாதி வேலையைத்தான் செய்கிறது. மிச்சப் பாதியை நாள் முழுக்க அவ்வப்போது எழுந்திருப்பதுதான் செய்யும்.

உட்கார்ந்தால் உள்ளே நடப்பது

நம் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது அதை வாங்கிச் செலவழிக்க வேண்டியவை இவைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் இழுக்காது. அதனால் மதியம் சாப்பிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தவருக்குச் சர்க்கரை அதிகமாக ஏறி, இறங்கவும் நேரமாகிறது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பைத் தசைக்குள் சேர்க்கிற ஒரு நொதியும் கால் அசையாதபோது மந்தமாகிவிடுகிறது.

அடுத்தது கெண்டைக்கால். இதயம் அனுப்பிய ரத்தம் பாதம் வரை தானாக இறங்கிவிடும். மேலே ஏறுவதற்குத்தான் உதவி வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகி, நடுவில் போகிற சிரைகளைப் பிழிந்து, அடிபம்பு போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருந்தால் பம்பு நின்றுவிடும். சாயங்காலம் செருப்பு இறுகுவதும், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இது வீக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. 1940-ல் லண்டன் மீது ஜெர்மானியர்கள் குண்டு வீசியபோது மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் கித்தான் நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். நாற்காலியின் முன்கட்டை தொடையின் பின்பக்கத்தை அழுத்தியது. குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் இதைக் கவனித்து அந்த ஆண்டே ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். கடையில் உயரமான ஸ்டூலில் பாதம் தரையில் படாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு அடியில் ஒரு பலகையோ பழைய தகரப் பெட்டியோ வைத்தால் தொடையின் மேல் விழும் அழுத்தம் உடனே குறையும். காசு செலவில்லாத காரியம், இன்றைக்கே செய்யலாம்.

ஓட்டுநரும் நடத்துநரும்

உட்கார்ந்த வேலைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியது பேருந்துதான். ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1940-களின் இறுதியில் லண்டன் போக்குவரத்து ஊழியர்களை ஆராயத் தொடங்கினார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள், சம்பளத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாதவர்கள். ஒருவர் நாள் முழுக்க இருக்கையில். மற்றவர் மாடிப் பேருந்தில் தினமும் சுமார் 600 படி ஏறி இறங்குகிறவர். 1953-ல் வெளியான முடிவு: நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது தள்ளி வந்தது, சட்டென்று சாவது பாதியாக இருந்தது. வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் கால்சட்டை அளவு பெரிதாக இருந்தது என்பதையும் மோரிஸே பின்னால் சீருடைக் கணக்கைப் புரட்டிக் கண்டுபிடித்தார். அதனால் வித்தியாசம் முழுவதையும் இருக்கையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அதன்பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகள் அவர் போன திசையையே உறுதி செய்தன.

நம் ஊரில் மாடிப் பேருந்து இல்லை. டவுன் பஸ் நடத்துநர் கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருகிறார், வெளியூர் வண்டி நடத்துநர் பாதித் தூரம் உட்கார்ந்தே வருகிறார், ஓட்டுநருக்கு எங்கேயும் விடுதலை இல்லை. ஓட்டுநருக்கு ‘அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு’ என்று சொல்வது அர்த்தமில்லாத பேச்சு. அவரிடம் சொல்லக்கூடியது வேறு. வண்டி நிலையத்தில் நின்றவுடன் இருக்கையில் சாய்ந்து போனை எடுக்காமல் முதலில் கீழே இறங்குங்கள். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வாருங்கள், டயரைப் பார்த்தபடியே கூட நடக்கலாம். பேருந்தின் படியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். டீயை நின்றுகொண்டே குடியுங்கள். கீரனூர் வழியாகத் திருச்சிக்கு ஒரு நடை போய்வருவதற்குள் இப்படி இரண்டு இடைவேளை கிடைத்தாலே காலுக்குப் பெரிய உதவி.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?

2012-ல் ஆஸ்திரேலியாவில் உடல் எடை கூடிய நடுத்தர வயதுக்காரர்களை ஒரு நாள் தொடர்ந்து உட்கார வைத்தும், இன்னொரு நாள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை 2 நிமிடம் மெதுவாக நடக்க வைத்தும் பார்த்தார்கள். நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. 2023-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரை மணிக்கு 5 நிமிடம் நடந்தவர்களுக்கு அந்த ஏற்றம் 58 சதவீதம் குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 11 பேர்தான், எனவே அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கு ஒரு நிமிடம் நடந்ததற்கே ரத்த அழுத்தம் சற்று இறங்கியது என்பதும் அதே ஆய்வில் வந்த செய்திதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. உட்காரும் நேரத்தைக் குறையுங்கள் என்றும் சொல்கிறது, ஆனால் இத்தனை மணி என்று வரம்பு போடவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்து 2016-ல் ‘லான்செட்’டில் வந்த கட்டுரையின்படி, எட்டு மணிக்கு மேல் உட்காருகிறவருக்கும் தினம் 60 முதல் 75 நிமிடம் வேகநடை இருந்தால் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, கடை திறக்கிற ஒருவருக்குத் தினமும் ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? கிடைக்கிறவர் தாராளமாக நடக்கட்டும். கிடைக்காதவருக்கு என் பரிந்துரை: அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிட நடை, முடிந்த நாளில் அரை மணி வேகநடை. சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. மூன்று வேளையும் அரிசியை நம்பியிருக்கும் நமக்கு அந்தப் பதினைந்து நிமிடம் மருந்துக்குத் துணை நிற்கும்.

வேலைக்கு வேலை

தையல்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று அவர்களுக்குத் தெரியாமலே நடந்துவிட்டது. காலால் மிதிக்கும் மிஷினில் கெண்டைக்கால் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் பொருத்திய பிறகு கால் கட்டை விரலால் மிதியை லேசாக அழுத்தினால் போதும். வேலை வேகமாக முடிகிறது, வருமானமும் கூடுகிறது, ஆகவே மோட்டாரைக் கழற்றச் சொல்ல மாட்டேன். போன உழைப்பை வேறு வழியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். துணி வெட்டும் மேசையை நின்றுகொண்டு வெட்டும் உயரத்தில் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மிஷினிலிருந்து கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். நூல்கண்டும் பித்தானும் எதிர்ச் சுவர் அலமாரிக்குப் போகட்டும். ஒரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்து போய் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் பார்க்கவே தேவையிருக்காது.

கடைக்காரர்களுக்கு ஒரே ஒரு யோசனை. “தம்பி, அந்தப் பருப்பு மூட்டையை எடுத்துட்டு வா” என்று பையனை ஏவுகிற இடத்தில் பத்துக்கு நாலு தடவையாவது நீங்களே எழுந்து போங்கள். மூட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. சரக்கு எடுத்துக் கொடுப்பது, விலை பார்ப்பது, வாடிக்கையாளரை வாசல் வரை வழியனுப்புவது எல்லாம் நடைதான். போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்ஸா மக்கள் ஒரு நாளில் நம்மைப் போலவே ஒன்பது பத்து மணி நேரம் ஓய்வாக இருக்கிறார்கள். அப்படியிருந்தும் இதய நோய்க்கான அறிகுறிகள் அவர்களிடம் குறைவு. 2020-ல் வந்த ஆய்வு அதற்கு ஒரு காரணத்தை முன்வைத்தது. அவர்கள் நாற்காலியில் சாயாமல் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் இருப்பதால் கால் தசை கொஞ்சமாவது வேலை செய்துகொண்டே இருக்கிறது. சம்மணம், ஒரு காலை நீட்டி, குத்துக்கால், பிறகு காலை மாற்றி நீட்டி என்று முந்திரி உடைப்பவரும் பூக்கட்டுகிறவரும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பை மாற்றிக்கொள்ளலாம், கை வேலை நிற்காது. ஒரு கிலோ கொட்டை முடிந்தால், ஒரு பந்து நார் தீர்ந்தால், எழுந்து வாசல் வரை போய் வாருங்கள். தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். முழங்கால் தேய்ந்தவர்கள் மட்டும் குத்துக்காலிட வேண்டாம், ஒரு மணைப் பலகையோ குட்டை ஸ்டூலோ போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது, இதைப் பல வழிகாட்டிகள் தொடுவதே இல்லை. பெண்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருப்பதில்லை, அல்லது இருப்பது உள்ளே நுழைய முடியாத நிலையில் இருக்கும். அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு நாள் முழுக்க எழுந்திருப்பதும் இல்லை. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் உட்காருவதன் கெடுதலோடு சேர்ந்துகொள்கின்றன. பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர் சுத்தமான கழிப்பறை ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் அந்த ஏற்பாடே அவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வைக்கும். அதைச் செய்யாமல் உடற்பயிற்சி பற்றி அவர்களுக்கு அறிவுரை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

அதேபோல், எழுந்திருங்கள் என்பதை நாள் முழுக்க நில்லுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜவுளிக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நரம்பு சுருட்டிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நிற்பவருக்கு உட்காரும் உரிமை, உட்காருபவருக்கு எழுந்திருக்கும் உரிமை, இரண்டும் உடம்புக்கு வேண்டும்.

சைக்கிளை வெளியே எடுங்கள்

இந்த மாவட்டத்துக்கு உடலுழைப்பைப் பற்றி வெளியிலிருந்து யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துப் பழக்கப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். குவாரியில் கல் உடைத்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர், கல் பட்டை தீட்டிய பெண்கள் எல்லாம் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரத்தை நிறைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியபோது ஒரு விவரம் குறித்தார்: பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், ஏனென்றால் முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், விறகு, வேலை, சந்தை எல்லாவற்றுக்கும் அந்தச் சைக்கிள் போய் வந்தது.

அன்று பழகியவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. ஸ்கூட்டி வந்தது, சைக்கிள் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. ஸ்கூட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அது பெண்களுக்குத் தூரத்தை இன்னும் குறைத்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் ரேஷன் கடைக்கும் ஸ்கூட்டிதான் என்று ஆகிவிட்டதே, அங்கேதான் வருத்தம். சைக்கிள் ஓட்டும்போது உடம்பின் எடையை இருக்கை தாங்குவதால் முழங்கால் வலிக்காரர்கள் பலருக்கு நடையைவிட அது எளிது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையைப் பார்த்துவிட்டு எடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். தாழ்ந்த இருக்கைதான் முழங்காலைக் கெடுக்கும். வெகுநாள் விட்டவர்கள் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளில், ஊரணிக் கரையிலோ பள்ளி மைதானத்திலோ ஒரு வாரம் பழகிவிட்டுச் சாலைக்கு வரலாம்.

நடப்பவர்களுக்கு நகரத்தில் புதுக்குளக் கரை இருக்கிறது, கிராமத்தில் கண்மாய்க் கரை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இருட்டில் நடக்கிற பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் நாய் பயமும் இருக்காது, மனத்துக்கும் நல்லது. மாதம் ஒரு ஞாயிறு வீட்டோடு சித்தன்னவாசல் போய் ஏழடிப்பட்டம் வரை ஏறிப் பாருங்கள். மூச்சு எங்கே வாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கவனம் வேண்டியவர்கள்

ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே வாயில் போட்டு உட்காருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, நடை தொடங்குவதற்கு முன்பும் ஒரு மாதம் கழித்தும் எழுதி வையுங்கள். இயன்முறை சிகிச்சை வேண்டியவர்கள் அதையும் அவரிடமே கேட்கலாம்.

எழுந்து நிற்கவே முடியாத அப்பத்தாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது இருபது தடவை, முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை போதும். முதல் வாரம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து எண்ணிக் கொடுங்கள்.